உக்கிராணக்காரரின் கணக்கு: மங்களூர், ராஞ்சி, ஐஸால் – கிறித்தவப் பொருளறத்தின் மூன்று வரலாறுகள்

லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் வரும் உக்கிராணக்காரன் தமிழ்க் கிறித்தவர்களுக்கு நன்கு அறிமுகமானவன். எசமானின் பண்டகசாலையைக் காப்பதும் வரவு செலவை எழுதுவதும், கேட்கும்போது கணக்கை ஒப்புவிப்பதும் அவன் வேலை. அவன் கையாளும் பொருளில் ஒரு மணியும் அவனுக்குச் சொந்தமில்லை. செல்வத்தைப் பற்றிய கிறித்தவப் போதனையின் பெரும்பகுதி இந்த உருவத்தைச் சுற்றியே அமைந்துள்ளது. பொருள் கடவுளுடையது, மனிதர் அதன் நிர்வாகி. ஆகவே உழைக்க வேண்டும், வீண்செலவு தவிர்க்க வேண்டும், சேமிக்க வேண்டும், கொடுக்க வேண்டும். சபைகளில் உக்கிராணத்துவம் என்ற தலைப்பில் நிகழ்த்தப்படும் பிரசங்கங்கள் இந்த நான்கையும் விட்டு அதிகம் விலகுவதில்லை.

இறையியலில் இது தெளிவான கோட்பாடு. வரலாற்றில் அவ்வளவு தெளிவில்லை. கடவுளுடைய பொருளுக்கும் மண்ணில் ஒரு பத்திரம் வேண்டியிருக்கிறது; அந்தப் பத்திரத்தில் யாராவது ஒருவருடைய பெயர் எழுதப்பட்டாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டு இந்தியாவில் கிறித்தவ நம்பிக்கையின்படி பொருளீட்டவும் பொருளைப் பேணவும் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை ஆராயும்போது, போதனையின் உள்ளடக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பத்திரத்தைப் படிக்காமல் விடுவது பெரும் பிழை. மாக்ஸ் வெபர் 1904–05இல் வெளியிட்ட புரொட்டஸ்டண்ட் அறம் குறித்த கட்டுரைகளை இந்தியச் சூழலுக்குப் பொருத்திப் பார்ப்போர் பலர் இப்பிழையைச் செய்கின்றனர். மதம் மாறியோர் குடியை விட்டனர், நேரம் தவறாமை கற்றனர், சேமித்தனர், முன்னேறினர் என்று ஒரு நேர்கோடு வரையப்படுகிறது. மிஷன் அறிக்கைகளும் இதே கோட்டைத்தான் வரைந்தன என்பதால் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. சேமிப்பு யாருடைய மூலதனமாயிற்று என்ற வினாவை அந்த அறிக்கைகள் எழுப்புவதில்லை. அவற்றை எழுதியோருக்கு அது ஒரு வினாவாகவே தோன்றியிருக்காது.

பாசல் மிஷனின் வரலாற்றிலிருந்து தொடங்குவது பொருத்தம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1815இல் நிறுவப்பட்ட இச்சங்கம், அந்நகரின் பட்டு நாடா உற்பத்தியாளர்களும் வணிகர்களும் அளித்த ஆதரவிலும், தென் ஜெர்மனியின் வுர்ட்டம்பர்க் பகுதியைச் சேர்ந்த விவசாய, கைவினைக் குடும்பங்களின் பக்தியெழுச்சி மரபிலும் வேரூன்றியது. பணம் நகரத்திலிருந்து வந்தது. ஆட்கள் கிராமங்களிலிருந்து வந்தனர். 1833ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் பிரித்தானியர் அல்லாத மிஷனரிகளுக்கும் இந்தியாவைத் திறந்துவிட்டதைத் தொடர்ந்து, 1834இல் சாமுவேல் ஹெபிக், லேனர், கிரைனர் ஆகிய மூவர் கோழிக்கோட்டில் வந்திறங்கி மங்களூர் சென்றனர். ஹெர்மன் குண்டர்ட் பின்னர் தலச்சேரியில் தங்கி மலையாள அகராதியை உருவாக்கியதனால் இம்மிஷன் இன்று பெரும்பாலும் மொழியியல் வரலாற்றில் நினைக்கப்படுகிறது. அதன் பொருளியல் வரலாறு அதற்கு இணையான கவனத்தைப் பெறவில்லை.

துளுநாட்டிலும் வடமலபாரிலும் ஒருவர் திருமுழுக்குப் பெறுவதன் முதல் விளைவு வறுமையாக இருந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. ஏனெனில் மதமாற்றம் என்றாலே பொருளாசை என்று எண்ணும் வழக்கம் நம் பொது உரையாடலில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. மிஷனில் சேர்ந்தோரில் கணிசமானோர் மங்களூர்ப் பகுதியில் பில்லவர்; மலபாரில் தீயர். இவ்விரு சமூகங்களின் மரபுத்தொழில்களுள் முதன்மையானது கள் இறக்குதல். மதுவைப் பாவமாகக் கருதிய பாசல் மிஷன், கள் இறக்குவோரைச் சபையில் சேர்க்கும் முன்பு அத்தொழிலைக் கைவிடச் செய்தது. ஆக, ஞானஸ்நானத் தொட்டியில் இறங்கியவர் பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் முற்றாக இறங்க வேண்டியவரானார்.

தொழிலோடு சொத்தும் போயிற்று. துளுநாட்டின் அளியசந்தானமும் மலபாரின் மருமக்கத்தாயமும் தாய்வழி மரபுகள். குடும்பச் சொத்து தறவாட்டின் கூட்டு உடைமை. தனி உறுப்பினர் எவரும் பாகம் பிரித்துக் கேட்க இயலாது. வீட்டோடு இருந்து உண்ணவும் உடுக்கவும் மட்டுமே உரிமை. சாதிவிலக்குக்கு ஆளானவர் அந்த வீட்டிலிருந்தே வெளியேற்றப்பட்டார். மதம் மாறியதால் சொத்துரிமை இழக்கப்படாது என்று கம்பெனி அரசு 1850இல் இயற்றிய சாதித் தகுதியின்மை நீக்கச் சட்டத்தை மிஷனரிகள் பெரும் வெற்றியாகக் கொண்டாடினர். தந்தைவழிச் சொத்துமுறை வழங்கிய பகுதிகளில் அதற்கு ஓரளவு பயன் இருந்தது. பிரிக்க முடியாத சொத்தில் இழக்கப்படாத உரிமையை வைத்துக்கொண்டு தாய்வழிக் குடும்பத்தினர் என்ன செய்ய முடியும்? மருமக்கத்தாயத்தில் பாகப்பிரிவினைக்குச் சென்னை மாகாணச் சட்டம் வழிவகுத்தது 1933இல், அளியசந்தானத்துக்கு 1949இல். முதல் தலைமுறைக் கிறித்தவர்களுக்கு இவை நூறு ஆண்டுகள் தாமதம்.

ஆகவே மிஷன் வளாகத்தின் வாசலில் நின்றவர்கள் தொழிலும் வீடும் அற்றவர்கள். அவர்களுக்கு உணவளிப்பது தர்மம். தொடர்ந்து உணவளிப்பது சோம்பலை வளர்க்கும் என்பது பக்தியெழுச்சி மரபின் ஐயம். உழைக்காதவன் உண்ணலாகாது என்ற பவுலின் கட்டளையை அந்த மரபினர் மிகக் கண்டிப்பாகவே எடுத்துக்கொண்டனர். வேளாண்மை, கடிகாரம் பழுதுபார்த்தல், தச்சு என்று பல முயற்சிகள் நடந்தன. பெரும்பாலானவை நீடிக்கவில்லை. நீடித்தவை மூன்று: அச்சகம், நெசவு, ஓடு.

மங்களூரில் 1841இல் கல்லச்சு இயந்திரம் வந்தது. 1851இல் வந்த ஜான் ஹாலர் என்ற நெசவு வல்லுநர் ஐரோப்பிய விசைநாடாத் தறிகளையும் சாயத் தொட்டிகளையும் அமைத்தார். காக்கிச் சாயத்தைக் கண்டுபிடித்தவர் அவரே என்ற கூற்று மங்களூரில் இன்றும் பெருமையோடு சொல்லப்படுகிறது. வடமேற்கு எல்லைப் படைகளில் மண்ணிறச் சீருடை 1840களின் இறுதியிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டதால், நிலைத்து நிற்கும் காக்கிச் சாயத்தை நெசவாலையில் உருவாக்கியவர்களுள் ஒருவர் என்று ஹாலரைக் குறிப்பதே நேர்மையானது. சமாதானத்தின் சுவிசேஷத்தை அறிவிக்க வந்த சங்கத்தின் தறிகளில் காவல்துறைக்கும் படைக்கும் துணி நெய்யப்பட்டது என்பதில் ஒரு முரண் உண்டு. அக்காலத்தில் அது எவரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

ஓட்டின் கதை இன்னும் பெரிது. அச்சுப் பணிக்காக வந்த கியோர்க் பிளேப்ஸ்ட் 1865இல் மங்களூர் ஜெப்புவில், நேத்ராவதி ஆற்றங்கரையில், முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அடித்தளம் மிக எளியது: ஆற்றோரக் களிமண், அதைப் பிசைய மாடுகள் சுற்றும் செக்கு, கையால் இயக்கும் அச்சு, விறகுச் சூளை. ஒன்றோடொன்று பொருந்திப் பூட்டிக்கொள்ளும் தட்டை ஓட்டின் வடிவம் பிரான்சின் அல்சாசில் 1840களில் உருவானது. தென்மேற்குப் பருவமழையில் ஆண்டுதோறும் கூரை மாற்ற வேண்டியிருந்த கடற்கரை நாட்டுக்கு அது நன்கு பொருந்தியது. ஓட்டுக்கூரை கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரியதாகக் கருதப்பட்டுவந்த மலபாரில், பணம் கொடுப்பவர் எவரும் வாங்கக்கூடிய பொருளாக அது மாறியதன் சமூகப் பொருள் தனியே ஆராயத்தக்கது. கோழிக்கோடு, குத்ரோளி, மல்பே, கொடக்கல், பாலக்காடு, ஃபெரோக் என்று மொத்தம் ஏழு தொழிற்சாலைகள் எழுந்தன. ஏடன், கிழக்கு ஆப்பிரிக்கா வரை ஓடுகள் கப்பலேறின. மங்களூர்க் கத்தோலிக்கரும் இந்து முதலாளிகளும் விரைவிலேயே போட்டித் தொழிற்சாலைகளைத் தொடங்கினர். மங்களூர் ஓடு என்ற பெயர் மிஷனுக்கு மட்டும் உரியதாக நெடுநாள் நீடிக்கவில்லை.

இத்தொழில்களின் மூலதன அமைப்பே இங்கு முக்கியம். 1859இல் பாசலில் மிஷன் வணிகக் கழகம் பங்கு நிறுவனமாக உருவாக்கப்பட்டது. பக்தியுள்ள முதலீட்டாளர்கள் பங்கு வாங்கினர். அவர்களுக்குரிய பங்காதாயத்துக்கு ஒரு வரம்பு விதிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட இலாபம் மிஷன் பணிக்குச் சென்றது. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் மற்ற ஐரோப்பிய வணிகர்கள் மதுபானத்தில் பெரும் இலாபம் கண்டபோது இக்கழகம் அதை விற்க மறுத்தது. இலாபத்துக்கு வரம்பு, விற்கக்கூடாத பொருட்களின் பட்டியல், உபரிக்கு முன்கூட்டியே குறிக்கப்பட்ட புனித நோக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அவர்களுடைய கிறித்தவ வணிகம். இன்று நெறிசார் முதலீடு என்று மேலாண்மைப் பாடநூல்கள் விளக்கும் பலவற்றை 1859இன் அந்த ஏற்பாட்டில் காணலாம். அதே பத்தாண்டின் நடுவில் தொடங்கிய அரைப்பட்ஸன் காணிக்கையையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். வாரந்தோறும் ஒரு சிறு நாணயம். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி கிராமங்களின் வேலைக்காரப் பெண்களும் கூலிகளும் கொடுக்கக்கூடிய தொகை. மிஷனின் ஆண்டு வருமானத்தில் இந்தச் சில்லறை பெரும் தூணாயிற்று. ஆக ஐரோப்பிய ஏழைக்கு அந்தப் பணியில் ஒரு பங்குண்டு என்ற உணர்வு இருந்தது. ஐரோப்பியச் செல்வருக்குப் பங்குப் பத்திரமே இருந்தது.

மங்களூர்த் தொழிலாளிக்கு இருந்தவை வேலை, கூலி, ஒழுங்கு. காலை மணியடித்ததும் செபம், செபம் முடிந்ததும் வேலை. மணிக்கணக்கில் அளக்கப்படும் நாள், பருவத்தையும் திருவிழாவையும் கொண்டு நாளை அளந்தவர்களுக்குப் புதிய அனுபவம். குடி விலக்கு, கடன் வாங்குவதைத் தடுத்தல், கூலியில் ஒரு பகுதியைச் சேமிப்பில் இடச்செய்தல், நோயுற்றோருக்கான நிதி, மிஷன் நிலத்தில் வீடு ஆகியவை ஒரே வலையின் இழைகள். திருமணச் செலவும் மிஷனரியின் பார்வைக்குத் தப்பவில்லை. இதை வெறும் கட்டுப்பாடு என்று ஒதுக்குவதும் சரியாகாது. சாதிவாரியாகத் தனித்தனித் தெருக்களில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் ஒரே தறிக்கூடத்தில் அருகருகே நின்றனர். மாதக் கூலி கையில் வந்த பெண்கள் இருந்தனர். நோய் வந்தால் வட்டிக்கடைக்குச் செல்ல வேண்டியதில்லை என்பது கடற்கரை ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய செய்தியில்லை. பின்னாளில் இக்குடும்பங்களிலிருந்து எழுந்த ஆசிரியர்கள், எழுத்தர்கள், செவிலியர், இயந்திர வல்லுநர் பலரின் தொடக்கம் அந்தச் சேமிப்புப் புத்தகத்தில்தான் இருந்தது.

ஆயினும் மிஷனுக்குள்ளேயே ஐயங்கள் இருந்தன. 1851–52இல் இந்தியாவைச் சுற்றிப்பார்த்த மேலாளர் யோசெப் யோசன்ஹன்ஸ் தொழில்முயற்சிகளை உறுதியாக ஆதரித்தவர். மற்றொரு தரப்பினர் அஞ்சியது வேறு: வேலைக்காக நம்பிக்கையா, நம்பிக்கைக்காக வேலையா என்பதைப் பிரித்தறிய முடியாமற்போகும், சபைப் போதகரே வேலை கொடுப்பவராகவும் வீட்டு உரிமையாளராகவும் இருந்தால், சபை ஒழுங்கு நடவடிக்கைக்கும் வேலைநீக்கத்துக்கும் இடைவெளி இருக்காது. இது கற்பனை அச்சமன்று. குடித்ததற்காகத் திருவிருந்திலிருந்து விலக்கப்படுவது ஆன்மிகத் தண்டனை. அதோடு கூலியும் கூரையும் ஆட்டம் காணுமென்றால் அதன் பெயர் வேறு.

கணக்கு ஒப்புவிக்கும் நாள் 1914இல் வந்தது, எதிர்பாராத திசையிலிருந்து. சங்கம் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்ததாயினும் ஊழியர் பலர் ஜெர்மானியர். போர் தொடங்கியதும் அவர்கள் எதிரிநாட்டவராயினர்; சிலர் அஹமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டனர், பிறகு நாடு கடத்தப்பட்டனர். தொழிற்சாலைகளையும் வணிகத்தையும் பிரித்தானிய அரசு கையகப்படுத்தியது. 1919இல் அவை லண்டனில் இதற்கென அமைக்கப்பட்ட காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்திடம் சென்றன. நேத்ராவதிக் கரையின் களிமண்ணை அரை நூற்றாண்டு மிதித்துப் பிசைந்தவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய சட்டத் தேவையும் இல்லை. அவர்கள் பங்குதாரர்கள் இல்லையே. பாசலில் உபரி முழுவதும் கடவுளுக்கு என்று எழுதப்பட்டிருந்த ஏட்டில், அந்த உபரியை உண்டாக்கியவர்கள் செலவுப் பக்கத்தில் கூலியாக மட்டுமே பதிவாகியிருந்தனர். உழைப்பு, நேர ஒழுங்கு, சிக்கனம் என்று வெபர் எதிர்பார்க்கும் குணங்கள் அத்தனையும் அத்தொழிலாளரிடம் இருந்தன. குறையாக இருந்தது குணம் அன்று.

இதே காலத்தில் சோட்டாநாக்பூர் பீடபூமியில் வேறொரு பாதை திறந்தது. அங்கே சிக்கல் வேலையின்மை அன்று, நிலமிழப்பு. காட்டைத் திருத்திய முன்னோரின் வழியினர் கூட்டாக நிலத்தை ஆளும் குந்த்கட்டி முறையைக் கொண்ட முண்டா மக்கள், 19ஆம் நூற்றாண்டில் ஜமீன்தார்களிடமும் வெளியிலிருந்து வந்த திக்குகளிடமும் நிலத்தை இழந்துகொண்டிருந்தனர். இழப்பின் வழி பெரும்பாலும் கடன். விதைப்புக் காலத்தில் மகாஜனிடம் வாங்கிய நெல்லை அறுவடையில் ஒன்றரை மடங்காகத் திருப்பித் தர வேண்டும். ஒருமுறை மழை பொய்த்தால் ஏட்டின் கணக்கு நிலத்தை விழுங்கும். 1885இல் தோர்ப்பா பகுதியில் பணியைத் தொடங்கிய பெல்ஜிய இயேசுசபைத் துறவி கான்ஸ்டன்ட் லீவன்ஸ் நீதிமன்ற வழக்குகளில் குடியானவர்களுக்குத் துணைநின்றார். பல்லாயிரம் பேர் கத்தோலிக்கராயினர். வழக்கில் வென்ற நிலம் மீண்டும் கடனில் போவதை வழக்கறிவால் தடுக்க இயலவில்லை.

லீவன்ஸுக்குப் பின் இச்சிக்கலை முழுமையாக எதிர்கொண்டவர் ஜெர்மானிய இயேசுசபைத் துறவி யோஹான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன். முண்டாரி மொழிக்கு இலக்கணமும் பெரும் கலைக்களஞ்சியமும் தந்தவர் என்றே அவரை அறிந்தவர் மிகுதி. 1899ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் முன்னிரவில் பிர்சா முண்டாவின் உல்குலான் வெடித்தபோது, அவர் இருந்த சர்வதா மிஷன் இல்லத்தின் மீதும் அம்புகள் பாய்ந்தன. தன்மீது அம்பெய்தவர்களின் குறையில் நியாயம் இருந்ததை அவர் உணர்ந்தார் என்பதற்கு அடுத்த பத்தாண்டுகளில் அவர் செய்த பணியே சான்று. முண்டாக்களின் நிலவுரிமை மரபுகளைப் பற்றி அவர் அளித்த விளக்கங்கள் 1908ஆம் ஆண்டுச் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டத்தின் உருவாக்கத்தில் இடம்பெற்றன. பழங்குடியினர் நிலம் வெளியார் கைக்கு மாறுவதற்கு அச்சட்டம் கடும் தடைகளை விதித்தது.

நிலத்தை விற்கவோ விருப்பப்படி அடகு வைக்கவோ முடியாது என்று சட்டம் காத்தபோது, அந்த நிலத்தைக் காட்டிக் கடன் பெறும் வழியும் அடைபட்டது. விதை நெல்லுக்குத் தேவை மட்டும் நின்றபாடில்லை. அடகில்லாமல் கடன் கொடுக்கும் அமைப்பு வேண்டும். 1909இல் ஹாஃப்மன் தொடங்கிய சோட்டாநாக்பூர் கத்தோலிக்கக் கூட்டுறவு நாணயச் சங்கத்தை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். சட்டமும் சங்கமும் ஒரே தீர்வின் இரு பாதிகள். முன்மாதிரி ஜெர்மனியின் ரைஃபைசன் சங்கங்கள். ஊரார் ஒருவரையொருவர் அறிந்திருப்பதே அங்கே பிணை, ஒருவர் கடனுக்கு அனைவரும் பொறுப்பு, கடன் உற்பத்திக்கு மட்டும், நிர்வாகிகளுக்கு ஊதியமில்லை. கிராமியக் கடனுக்கு இந்தியா ரைஃபைசனைத் தேட வேண்டும் என்று சென்னை மாகாண அதிகாரி ஃபிரடெரிக் நிக்கல்சன் 1895–97இல் அளித்த அறிக்கைகள் வற்புறுத்தியிருந்தன; 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் அதன் விளைவுகளுள் ஒன்று. அரசு அமைத்த சங்கங்கள் பல இடங்களில் உள்ளூர்ப் பணக்காரர் கையில் சிக்கின. ராஞ்சியில் அது வேரூன்றியதற்குக் குந்த்கட்டி ஊர்களின் கூட்டுப் பொறுப்புணர்வு பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும். நிலத்தைக் கூட்டாக ஆண்டவர்களுக்குக் கடனைக் கூட்டாகத் தாங்குவது அந்நியமான கருத்தாக இருந்திராது.

வட்டியைப் பற்றிய திருச்சபையின் நீண்ட தயக்கமும் இங்கே ஒரு விடையைக் கண்டது எனலாம். ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்காதே என்ற யாத்திராகமக் கட்டளை இடைக்காலத்தில் முழுத் தடையாக இருந்தது. 1745இல்கூடத் திருத்தந்தையின் சுற்றுமடல் ஒன்று அதை நினைவூட்டியது. நடைமுறையோ விலகி வெகுதூரம் சென்றுவிட்டது. 1891இல் பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட ரேரும் நோவாரும் தொழிலாளரின் சங்கங்களையும் எளியோர் சிறு உடைமை பெறுவதையும் ஊக்குவித்தது. ராஞ்சிச் சங்கம் வட்டி வாங்கியது. அந்த வட்டி கடன் வாங்கியவர்களின் பொது நிதிக்கே திரும்பியது என்பதில்தான் மகாஜனின் ஏட்டுக்கும் சங்கத்தின் ஏட்டுக்கும் உள்ள வேறுபாடு. நெல்லாகச் சேமித்து நெல்லாகக் கடன் கொடுக்கும் களஞ்சியங்களும் இதனோடு வளர்ந்தன.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. சங்கம் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியது. அதே ஊரில் வாழ்ந்த லூத்தரன் முண்டாவும், சர்ணா வழிபாட்டைத் தொடர்ந்த முண்டாவும் மகாஜனிடமே செல்ல வேண்டியிருந்தது. குந்த்கட்டியின் பழைய ஒருமைப்பாட்டில் ஞானஸ்நானப் பதிவேடு ஒரு கோடு கிழித்தது. பங்குக் குருவின் கண்காணிப்பும் கனமானது. ஆனாலும் 1915இல் ஹாஃப்மன் ஜெர்மானியர் என்பதால் இந்தியாவை விட்டு அனுப்பப்பட்டபோது, மங்களூரில் நிகழ்ந்தது ராஞ்சியில் நிகழவில்லை. அவர் போனார், சங்கம் இருந்தது. கையகப்படுத்த அங்கே எதிரிநாட்டவர் சொத்து எதுவுமில்லை. பங்குகள் முண்டா, உராவ்ன், காரியா குடியானவர்களின் பெயர்களில் இருந்தன. அவர் 1928இல் ஜெர்மனியில் இறந்தார், திரும்பி வரவில்லை. அதே ராஞ்சியில் 1845 முதல் இயங்கிவந்த ஜெர்மானிய கோஸ்னர் மிஷனின் லூத்தரன் சபையினர், தங்கள் மிஷனரிகள் வெளியேற்றப்பட்டபின் மற்றொரு மிஷனின் நிழலில் ஒதுங்க மறுத்து, 1919 ஜூலையில் தம் சபையைத் தன்னாட்சியுடையதாக அறிவித்தனர். மங்களூர்த் தொழிற்சாலைகள் லண்டன் நிறுவனத்துக்குக் கைமாறிய அதே ஆண்டு.

மிசோ மலைகளில் நிகழ்ந்தது அளவில் சிறியது. கோட்பாட்டில் மிகத் துணிவானது. வேல்ஸ் பிரெஸ்பிட்டேரியன் மிஷனைச் சேர்ந்த டி. இ. ஜோன்ஸ் 1897இல் ஐஸால் வந்தபோது, மிசோ மக்களிடம் செல்வத்தைப் பற்றிய நுட்பமான மரபு ஒன்று ஏற்கெனவே இருந்தது. மிகுதியாக விளைவித்தவர் அதைக் குவித்து வைப்பதால் பெருமை பெறுவதில்லை. ஊர் முழுவதற்கும் தொடர் விருந்துகளை அளித்துத் தாங்சுவா என்ற தகுதியை எய்த வேண்டும். வேட்டையாலும் அத்தகுதியை அடையலாம். எய்தியவருக்கே இறப்புக்குப் பின் பியால்ரால் என்ற இன்ப உலகம். அங்கே உமி நீக்கிய அரிசி உழைப்பில்லாமல் கிடைக்கும். நெல் குத்தும் வேலை அன்றாடம் யாருடைய தோளில் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தச் சொர்க்கத்தின் இயல்பு விளங்கும்.

1910இல் ஐஸாலின் மிஷன் வெங் சபையில் புஃபாய் தாம் தொடங்கியது. கைப்பிடி அரிசி என்பது பொருள். தமிழ்ச் சபைகள் பலவற்றிலும் பிடியரிசிக் காணிக்கை என இதற்கிணையான வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலத்தில் இட வேண்டும்; திரண்டதைச் சேகரித்து விற்றுச் சபைப் பணிக்குச் செலவிட வேண்டும். தசமபாகத்துக்கு வருமானம் என்ற ஒன்று வேண்டும். பணம் அரிதாகப் புழங்கிய மலையூர்களில் பத்தில் ஒன்று என்று கணக்கிட எதுவுமில்லாத வீடுகள் பல. பிடியரிசிக்கு உலை இருந்தால் போதும். அடுத்த ஆண்டே மௌதாம் வந்தது. மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, களஞ்சியங்கள் காலியான 1911–12 பஞ்சம். அந்த நாட்களிலும் வழக்கம் அற்றுப்போகாமல் நிலைத்து நின்றதனால்தான் அது இன்றுவரை மிசோ சபைகளின் நிதியாதாரங்களுள் ஒன்றாகத் தொடர்கிறது. வெளிநாட்டு மிஷனின் பணத்தைச் சாராமல் ஊழியர்களை அனுப்பும் வலிமையையும் அச்சபைகளுக்கு அது தந்தது.

தாங்சுவா விருந்தில் கொடுப்பவர் செல்வர், பெறுபவர் ஊர். பிடியரிசியில் கொடுப்பவர் அடுப்படியில் நிற்பவர். கணவனின் தகுதியில் பங்குபெறுவதன் வழியாக மட்டுமே பியால்ராலை எண்ணிப்பார்க்க முடிந்த பெண், நாளுக்கு இருமுறை தன் கையால் அளந்து, தன் முடிவால் எடுத்துவைத்தாள். சபை நிதியின் உக்கிராணக்காரி அவளே என்று சொல்வதில் மிகையில்லை. சபையின் மூப்பர் அவையில் மட்டும் அவளுக்கு இடமில்லை.

வீட்டுச் சொத்திலும் நிலைமை வேறில்லை. மிசோ வழக்காற்றுச் சட்டப்படி தந்தையின் உடைமை மகனுக்கே, குறிப்பாக இளைய மகனுக்கே, சென்றது. இந்தியாவின் மிகப் பழைய கிறித்தவச் சமூகமான கேரளத்துச் சிரியன் கிறித்தவரிடமும் மகளின் பங்கு ஸ்திரீதனத்தோடு முடிந்ததாகக் கருதப்பட்டது. 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறித்தவ வாரிசுச் சட்டம் மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்கு என்று எழுதி வைத்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டதாகக் கொண்டு, 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது 1986இல். மிசோரம் தன் திருமண, மணமுறிவு, சொத்துரிமைச் சட்டத்தை இயற்றிப் பெண்களின் உரிமைகளுக்கு எழுத்துவடிவம் தந்தது 2014இல், புஃபாய் தாம் தொடங்கி 104 ஆண்டுகளுக்குப் பின்.